தொண்ணூற்றொன்பதாவது பெயர்

ப்ரெஸ்லர் உயர்நிலைப் பள்ளியில் யார் யார் படிக்கிறார்கள் என்பதை நெப்ராஸ்கா மாநிலத்தில் யார் வேண்டுமானாலும் தெரிந்துகொள்ளலாம். ஆண்டுதோறும் எண்ணி அட்டவணை போட்டு வெளியிடுகிறார்கள். யார் படிப்பை விட்டுப் போனார்கள், எங்கே போனார்கள் என்பதை மட்டும் லோர்னா வெசெலி ஒருத்திதான் அறிவாள். பள்ளி அலுவலகத்தில் பதிவேட்டு எழுத்தராக அவள் உட்கார்ந்து முப்பத்தொரு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த ஒரு பிள்ளையின் பெயரை அந்த ஆண்டு சேர்ந்தவர்களின் தொகுப்பிலிருந்து எடுக்க மூன்றே வழிகள்தாம் உண்டு. வேறொரு பள்ளி அந்தப் பிள்ளையின் சான்றிதழ்களைக் கேட்டு எழுதவேண்டும். அல்லது குடும்பம் நாட்டை விட்டுப் போயிருக்கவேண்டும். அல்லது பிள்ளை இறந்திருக்கவேண்டும். மூன்றுக்கும் எழுத்தில் ஆதாரம் வேண்டும். ஆதாரம் இல்லையென்றால் பெயர் அப்படியே நிற்கும். நான்கு ஆண்டு முடிவில் பள்ளிப் படிப்பை முடித்ததற்கான பட்டயம் வாங்காத அத்தனை பேரும் ஒரே கணக்குதான்: படிப்பை விட்டவர்கள். வேலைக்குப் போனவனுக்கும், கல்யாணம் செய்துகொண்டு டெக்சஸ் போனவளுக்கும், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு திங்கட்கிழமை காணாமற்போனவனுக்கும் அதில் வேறுபாடு கிடையாது.

எனவே சனிக்கிழமைகளில் லோர்னா தன் பழைய பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு ஊரின் இறைச்சி ஆலைக்குப் பின்புறமுள்ள டிரெய்லர் வீடுகளுக்குப் போவாள். கதவைத் தட்டுவாள். பக்கத்து வீட்டுக்காரர்களை விசாரிப்பாள். ஐயோவாவிலோ கேன்சஸிலோ உள்ள பள்ளியின் பெயர் கிடைத்துவிட்டால் திங்கட்கிழமை காலை அந்த ஊருக்குத் தொலைபேசியில் பேசி ஒரு கடிதம் வரவழைத்துவிடுவாள். இதற்காக யாரும் அவளுக்குச் சம்பளம் தரவில்லை. அவளுடைய கணவன் லீலண்ட் வயல்களில் நீர்ப்பாய்ச்சும் குழாய்ச் சக்கரங்களைப் பழுதுபார்ப்பவன். "ஓடிப்போன கன்னுக்குட்டியத் தேடுற மாதிரி அலையறியே, அவங்க எழுதுற கணக்குல ஒண்ணு கூடினா என்ன, குறைஞ்சா என்ன?" என்பான். "தப்பா இருக்கும், லீலண்ட்" என்பாள் அவள். அதற்குமேல் அவளுக்கு விளக்கத் தெரியாது. ஒரு பிள்ளையைப் பற்றித் தாளில் இருப்பது உண்மையாக இருக்கவேண்டும்; அவ்வளவுதான்.

அவளும் அந்தப் பள்ளியில் படித்தவள்தான். நடைச் சுவரில் தொங்கும் 1983ஆம் ஆண்டுப் படத்தில் அறுபத்தொரு முகங்கள். செக் பெயர்களும் ஜெர்மன் பெயர்களும் போக, ஐரிஷ் பெயர் ஒன்று. இப்போது நானூறு பேரில் எழுபத்தோரு சதவீதத்தினர் லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள். வெள்ளையர் பதினாறு சதவீதம். மிச்சம் சோமாலியப் பிள்ளைகளும் பர்மாவிலிருந்து வந்த கரென் பிள்ளைகளும். இலவச மதிய உணவுக்குத் தகுதி பெற்றவர்கள் நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பேர். கணிதத்தில் மாநிலம் எதிர்பார்க்கும் அளவை எட்டியவர்கள் நூற்றுக்கு இருபத்துநான்கு. இந்த எண்களை ஒவ்வோர் அக்டோபரிலும் தட்டச்சு செய்து அனுப்புகிறவள் லோர்னாதான். ஒரு மாதம் கழித்து அவை செய்தித்தாளில் வந்ததும் காபிக் கடையில் ஊரார் வாயிலிருந்து அவற்றைக் கேட்கிறவளும் அவள்தான்.

"இருபத்துநாலு!" என்றான் மைலோ ருஸ்கா ஒருநாள் காலை, கொலாச்சி ரொட்டியை வாயில் அடைத்துக்கொண்டே. "நூத்துக்கு இருபத்துநாலு, லோர்னா. நம்ம காலத்துல இப்படியா இருந்துச்சு?"

"உங்க வகுப்புல அல்ஜீப்ரா தேறினவங்க எத்தனை பேருன்னு அலமாரில மார்க் அட்டை கிடக்கு, மைலோ. உன் அட்டையையும் எடுத்துட்டு வரட்டுமா?"

கடை முழுவதும் சிரித்தது. மைலோவும் சிரித்தான், பிறகு செய்தித்தாளை மடித்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். லோர்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இருபத்துநான்கில் அடங்காதவர்களை அவள் பெயர் பெயராக அறிவாள். எவெலியோ இஷ்கோய் அவர்களில் ஒருவன்.

எவெலியோவை அவன் தாய் பெத்ரோனா பள்ளியில் சேர்க்க வந்தது நான்கு ஆண்டுகளுக்கு முன்னால். குவாத்தமாலா மலையூர்க்காரி, ஆலையில் இறைச்சி வெட்டும் வரிசையில் பகல் வேலை. இந்த நாட்டில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரே மகன்தான். அவளுடைய தாய்மொழி கிச்சே. ஸ்பானிஷ் அவளுக்குக் கற்றுக்கொண்ட மொழி. லோர்னாவுக்கும் அப்படியே, அலுவலகக் கவுண்டரில் நின்று நின்று கற்றது. இருவரும் சமமாகத் தடுமாறியதால் அவர்களுக்குள் பேச்சு எளிதாக இருந்தது.

லோர்னா சேர்க்கைப் படிவத்தைப் படித்துக் காட்டிவந்தபோது, இனம் என்ற இடத்தில் பெத்ரோனா விரலை வைத்து நிறுத்தினாள். "இதுல நாங்க எது, சென்யோரா?"

"நீங்க என்னன்னு நினைக்கிறீங்களோ, அது. ரெண்டு கட்டத்துல குறி போட்டாலும் சரி."

"யாரு பார்ப்பாங்க இத?"

"கவர்மென்ட்டு எண்ணும்."

பெத்ரோனா யோசித்தாள். "அப்போ நல்லா எண்ணிக்கட்டும்" என்று இரண்டு கட்டங்களிலும் அழுத்திக் குறி போட்டாள். அந்த வீட்டில் ஆறாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் எவெலியோதான் என்பதைப் போகும்போது சொல்லிவிட்டுப் போனாள்.

எவெலியோ கெட்டிக்காரனில்லை, ஆனால் விடாதவன். அல்ஜீப்ராவில் இருமுறை தோற்று மூன்றாம் முறை தேறினான். பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்தபோது அவனுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. ஆலையில் இரவு நேரத் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தான். வேலை முடிந்து நேரே பள்ளிக்கு வருவான். முதல் பாடவேளையில் தூங்குவான், ஆசிரியர்கள் எழுப்பமாட்டார்கள். மே மாதம் பட்டயம் வாங்க அவனுக்கு இன்னும் மூன்று பாடங்களே மிச்சமிருந்தன.

பிப்ரவரியில் ஒரு காலைப்பொழுது, ஆலையிலிருந்து பள்ளிக்கு வரும் வழியில், அவன் கார் சோளம் ஏற்றிய லாரியின்மேல் மோதியது. சாலையில் பனி இறுகியிருந்தது என்றார்கள். கண்ணயர்ந்திருப்பான் என்றும் சொன்னார்கள்.

பள்ளியில் இது யாருக்கும் தெரியாது. முதல் பாடவேளையில் வராதவர்களின் பட்டியல் ஒன்பதரைக்கு லோர்னாவின் மேசைக்கு வந்தது. வழக்கம்போல் அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள். பதிவுசெய்த பெண்குரல் ஒன்று ஒவ்வொரு வீட்டையும் ஸ்பானிஷிலோ ஆங்கிலத்திலோ அழைத்து, உங்கள் பிள்ளை இன்று வரவில்லை, இரண்டு நாளுக்குள் காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள் என்று சொல்லும். நடுவில் பிள்ளையின் பெயர் வரும். ஒன்பது நாற்பதுக்கு, ஆலையில் இடைவேளையில் இருந்த பெத்ரோனா அந்த அழைப்பை எடுத்தாள். தூங்கிப்போய்விட்டான் என்று நினைத்து, மாலை வந்ததும் நன்றாகத் திட்டவேண்டும் என்று முடிவும் செய்தாள். ஷெரிப்பின் ஆள் ஆலைக்கு வந்து அவளை வரிசையிலிருந்து வெளியே கூப்பிட்டபோது மணி பத்தே முக்கால்.

உடலைக் குவாத்தமாலாவுக்கு அனுப்பிவிட்டார்கள். உள்ளூரில் அடக்கம் இல்லை. இரங்கல் அறிவிப்பும் இல்லை. செய்தித்தாளில் வந்த விபத்துச் செய்தியில் பெயர் போடவில்லை. கோப்பில் வைக்க ஆதாரம் எதுவும் பள்ளிக்கு வரவில்லை.

மார்ச்சில் லோர்னா படிவத்தை எடுத்துக்கொண்டு பெத்ரோனாவின் வீட்டுக்குப் போனாள். தொகுப்பிலிருந்து நீக்கம் என்பது படிவத்தின் தலைப்பு. ஸ்பானிஷிலும் அதே சொற்கள். அடியில் பெற்றோர் கையெழுத்திட ஒரு கோடு. பெத்ரோனா ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தாள். அந்தக் குளிர்காலத்தில்தான் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடந்த வகுப்புக்குப் போய் எழுதப் படிக்கக் கற்கத் தொடங்கியிருந்தாள்.

"நீக்கம்னா?"

"அவன் பேரு அந்த வருஷத்துப் பிள்ளைங்க பட்டியல்லேர்ந்து…"

"எடுத்துடுவீங்களா?"

"ஆமா."

"வேணாம்." படிவத்தை மடித்து லோர்னாவின் கையிலேயே வைத்தாள். "அவனச் சேர்க்க நான் எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா, சென்யோரா? ஆலைல ரெண்டு நாள் கூலி போச்சு. தடுப்பூசிச் சீட்டுக்காக அலைஞ்சேன். எடுக்க மாட்டேன். அவன் அந்தப் பிள்ளைங்களோடயே இருக்கட்டும்."

இருந்தால் அவன் எந்தக் கணக்கில் இருப்பான் என்பதை லோர்னா சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. அந்தச் சமையலறையில், சுவரில் அவனுடைய பள்ளிப் படம் மாட்டியிருந்த இடத்தில், அந்தச் சொல்லை ஸ்பானிஷில் எப்படி மென்மையாகச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பாளா என்று பிற்பாடு பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டாள்.

மே மாதம் பட்டமளிப்பு நடந்தது. முதல் வரிசையில் ஒரு நாற்காலியின்மேல் அங்கியும் தொப்பியும் வைத்து எவெலியோவின் பெயரை வாசித்தார்கள். பெத்ரோனா வந்திருந்தாள், கைதட்டினாள். தன் மகன் அந்த வகுப்பில்தான் இருக்கிறான் என்பதற்கு அவளுக்கு அதைவிட வேறென்ன சான்று வேண்டும்? அன்று மேடையேறிப் பட்டயம் வாங்கியவர்கள் அறுபத்தாறு பேர்.

ஆகஸ்டில் தலைமையாசிரியர் கர்ட் லிண்ட்ஹோம் லோர்னாவின் மேசைக்கருகே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். லோர்னா வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கே மாணவனாக இருந்தவன் அவன். பிறர் முன்னால் அவனை 'சார்' என்பாள். தனியே இருந்தால் பழைய பழக்கம்தான்.

"தொண்ணூத்தொம்பது பேரு சேர்ந்தாங்க. அறுபத்தாறு பேரு முடிச்சாங்க" என்றான். "சதவீதம் போட்டுப் பாத்தீங்களா?"

"அறுபத்தாறே முக்காலுக்கு ஒரு இழை கீழ."

"அறுபத்தேழுக்குக் கீழ போனா நாம பட்டியல்ல. மோசமான பள்ளிக்கூடம்னு முத்திரை குத்திடுவாங்க. என்னைத் தூக்கிட்டுப் போகட்டும், அது கெடக்கு. பள்ளி வாரியத்துல மூணு பேரு இதுக்காகவே காத்துட்டு இருக்காங்க, லோர்னா. பிள்ளைங்கள டார்செட் பள்ளிக்கூடத்தோட சேர்த்துடலாம்னு."

டார்செட் நாற்பது நிமிடப் பேருந்துப் பயணம். வேலை முடிந்து வருகிற பிள்ளைகளுக்கு அந்தப் பேருந்து கிடைக்காது. எத்தனை பேர் நின்றுவிடுவார்கள் என்று லோர்னாவால் பெயர் சொல்லி எண்ணிக் காட்டமுடியும்.

"தொண்ணூத்தெட்டா இருந்தா அறுபத்தேழே கால் தாண்டிடும்" என்றான் கர்ட், அவள் முகத்தைப் பார்க்காமல். "ஒரே ஒரு பேரு. அந்தப் பையன் படிப்ப விட்டவனே இல்லயே. செத்துப்போனவன். உண்மையத்தானே எழுதச் சொல்றேன்?"

"அவன் அம்மா கையெழுத்து போட மாட்டேங்கிறா, கர்ட்."

"இன்னொரு தடவ கேட்டுப் பாருங்களேன்."

"நீ போய்க் கேளு."

அவன் போகவில்லை. பெயர்களைத் திருத்தச் செப்டம்பர் முப்பதுவரை நேரம் இருந்தது.

பட்டயமும் வாங்காமல் நீக்கவும் படாத மாணவனைக் கணினி புதிய ஆண்டில் மீண்டும் பன்னிரண்டாம் வகுப்பில் வைத்துவிடும். அதனால் பள்ளி திறந்த நாள்முதல் எவெலியோ இஷ்கோய் ஒவ்வொரு காலையும் வராதவர்களின் பட்டியலில் வந்தான். ஒவ்வொரு காலையும் லோர்னா பொத்தானை அழுத்துமுன் அழைப்பு போகாதிருக்க, அவன் பெயருக்கு எதிரே 'விடுப்புக்கு அனுமதி பெற்றவர்' என்று தன் கையால் மாற்றிவைத்தாள். பிப்ரவரிமுதல் மே வரையிலும் அப்படித்தான் செய்திருந்தாள். செப்டம்பர் நடுவில் ஒருநாள் கணினிப் பயிற்சிக்காக அவளைக் கெர்னி நகருக்கு அனுப்பினார்கள். அவளுக்குப் பதிலாக உட்கார்ந்த பெண்ணுக்கு இதை எழுதிவைக்க லோர்னா மறந்துபோனாள். முப்பத்தொரு ஆண்டுகளில் அவள் மறந்தது மிகச் சில. அவற்றில் இது ஒன்று. ஒன்பதரைக்குப் பொத்தான் அழுத்தப்பட்டது.

மறுநாள் காலை பெத்ரோனா கவுண்டருக்கு முன்னால் நின்றாள். ஆலைக்குப் போகும் வழியில், வெள்ளை மேலங்கியோடே வந்திருந்தாள்.

"போன் வந்துச்சு, சென்யோரா."

லோர்னா எழுந்து நின்றாள். "தப்பு எங்க பேர்ல. மன்னிச்சிடுங்க. நேத்து நான் இங்க இல்ல…"

"இல்ல, இல்ல. பரவால்ல." பெத்ரோனா சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தாள். "காரணம் எழுதித் தரணும்னு சொல்லுது இல்ல, அந்தப் பொண்ணு. அன்னிக்கு நான் எழுதித் தரல. அப்போ எனக்கு எழுதவும் தெரியாது. இப்போ தெரியும்."

கோடு போட்ட தாளில் பெரிய பெரிய எழுத்துகளில் ஸ்பானிஷில் ஐந்து வரிகள். 'மதிப்பிற்குரிய பள்ளிக்கு. என் மகன் எவெலியோ இஷ்கோய் வகுப்புக்கு வரவில்லை. பிப்ரவரி மாதம் பள்ளிக்கு வரும் வழியில் இறந்துவிட்டான். அவனை மன்னிக்கவும். பெத்ரோனா இஷ்கோய்.' அடியில் தேதியும் போட்டிருந்தாள்.

"சரியா இருக்கா?"

"சரியா இருக்கு."

"இது போதுமா?"

"போதும்" என்றாள் லோர்னா.

பெத்ரோனா போன பிறகு அந்தத் தாள் நெடுநேரம் மேசைமேல் கிடந்தது. பெற்றோர் தம் கையால் எழுதிக் கையெழுத்திட்ட கடிதம், மாணவனின் பெயர், இறந்த செய்தி, தேதி. விதி கேட்கும் அத்தனையும் அதில் இருந்தன. படிவம்தான் வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை.

தொலைபேசியை எடுத்தாள், வைத்தாள். பெத்ரோனாவிடம் கேட்டால் வேண்டாம் என்பாள். கேட்காவிட்டால் அந்தப் பையன் ஆயுசுக்கும் படிப்பை விட்டவன் என்று மாநிலத்தின் ஏட்டில் கிடப்பான். அது பொய். பள்ளிக்கு வரும் வழியில் செத்தவனை விட்டுப்போனவன் என்று எழுத அவள் கை துணியவில்லை. டார்செட் பேருந்தைத் தவறவிடப்போகும் பிள்ளைகளும் அவள் கண்முன் வந்தார்கள். எல்லாக் காரணங்களும் ஒரே பக்கம் நின்றன. மறுபக்கத்தில் ஒரு பெண் 'வேணாம்' என்று சொன்ன சொல் மட்டும்தான் இருந்தது.

மாலை நான்கு மணிக்கு லோர்னா கடிதத்தை நகலெடுத்துக் கோப்பில் வைத்தாள். கணினியில் உரிய எண்ணைத் தட்டினாள். தொண்ணூற்றொன்பது தொண்ணூற்றெட்டாயிற்று. கர்ட்டிடம் சொன்னபோது அவன் எழுந்துவந்து அவள் தோளைப் பற்றினான். நவம்பர் தொடக்கத்தில் அட்டவணை வெளிவந்தது. பள்ளி பட்டியலில் ஏறவில்லை. இணைப்புப் பேச்சு வாரியத்தில் எழுந்த வேகத்திலேயே அடங்கியது.

அந்த மாதக் கடைசியில் முதல் பெரும்பனி கொட்டியது. விடியுமுன்பே எல்லா வீடுகளுக்கும் 'இன்று பள்ளி இல்லை' என்ற அழைப்பு போயிற்று. மறுநாள் பள்ளி திறந்த சிறிது நேரத்தில் பெத்ரோனா வந்தாள். காலணியிலிருந்த பனியை வாசல் பாயில் நன்றாகத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

"சென்யோரா, என் போன் கெட்டுப்போச்சான்னு பாக்கறீங்களா? நேத்து பக்கத்து வீட்டுல அடிச்சுது. எனக்கு வரல."

லோர்னா பேனாவைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு மாசமா எதுவுமே வரல. முன்னெல்லாம் வரும். பெற்றோர் கூட்டம்னு வரும், மதியச் சாப்பாட்டுல இன்னிக்கு என்னன்னு வரும். எவெலியோ இஷ்கோயோட பெற்றோரேன்னுதான் அந்தப் பொண்ணு ஆரம்பிப்பா. வேலைல இருக்கறப்போ வந்தா எடுக்க முடியாது. சேமிச்சு வெச்சு ராத்திரி கேப்பேன்."

"பெத்ரோனா… நீங்க எழுதிக் கொடுத்தீங்களே, ஒரு சீட்டு."

"ஆமா. ஏன், தப்பா எழுதிட்டேனா?"

"இல்ல. சரியாத்தான் எழுதினீங்க. அதை வெச்சு அவன் பேர எடுத்துட்டேன்."

பெத்ரோனாவுக்கு அது உடனே விளங்கவில்லை. விளங்கியதும் கவுண்டரின் விளிம்பை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். லோர்னா எல்லாவற்றையும் சொன்னாள். மார்ச்சில் அந்தச் சமையலறையில் சொல்லவேண்டியிருந்ததையும் சேர்த்தே சொன்னாள். பட்டியலில் இருந்திருந்தால் என்ன பெயரில் இருந்திருப்பான் என்று சொன்னாள். பள்ளிக்கு வரவிருந்த ஆபத்தைச் சொன்னாள். அவளுடைய ஸ்பானிஷ் நடுநடுவே உடைந்தது. பெத்ரோனா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்போ முடிச்சவங்க பட்டியல்ல அவன் இல்ல."

"இல்ல."

"விட்டவங்க பட்டியல்லயும் இல்ல."

"இல்ல."

"வேற எதுல இருக்கான்?"

மூன்றாவது பட்டியல் என்று ஒன்று கிடையாது.

"நான் லீவுக்குத்தானே எழுதினேன், சென்யோரா" என்றாள் பெத்ரோனா. குரலை உயர்த்தவில்லை. "அந்தச் சீட்டக் குடுங்க. நான் எடுத்துட்டுப் போறேன்."

"அசல் கோப்புல இருக்கணும். தர முடியாது. வேணும்னா நகல்…"

பெத்ரோனா தலையை அசைத்தாள். வேண்டாம் என்பதா, சரி என்பதா என்று லோர்னாவுக்குப் புரியவில்லை. கையுறைகளை ஒவ்வொரு விரலாக இழுத்து மாட்டிக்கொண்டு பெத்ரோனா கதவைத் திறந்து வெளியே போனாள். சன்னல் வழியாக லோர்னா பார்த்துக்கொண்டிருந்தாள். ஒதுக்கிவைத்த பனிக்குவியல்களின் நடுவே நடந்து, கொடிக்கம்பத்தைக் கடந்து, ஆலைச் சாலைக்கு அவள் திரும்பும்வரை பார்த்தாள்.

மணி ஒன்பதரை ஆனது. சாலைகள் இன்னும் சரியாகாததால் அன்று வராதவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர். லோர்னா பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை, பிறகு இன்னொருமுறை படித்தாள். திருத்துவதற்கு எதுவும் இருக்கவில்லை. பொத்தானை அழுத்தினாள்.